எங்கே விழுந்தது?



வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் நம் வாயில் முதலில் வருகிற கேள்வி என்ன? "யார் எடுத்தது?" என்பதுதான். அதற்கு விடை கிடைக்காவிட்டால், "யார் தொலைத்தது?" என்று கேட்போம். இவ்விரண்டுக்கும் பதில் தேடி முடிப்பதற்குள் வீட்டில் ஒருவர் அழுதிருப்பார், ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போயிருப்பார். பொருளோ கிடந்த இடத்திலேயே கிடக்கும். சர்வேசுரனுடைய ஊழியர் ஒருவர் இவ்விரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்வியைப்பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழைய ஏற்பாட்டில், அரசர்கள் இரண்டாம் ஆகமம் ஆறாம் அதிகாரத்தில், எலிசேயு தீர்க்கதரிசியின் சரித்திரம் வருகிறது. அவருடைய சீடர்கள் தங்கியிருந்த இடம் அவர்களுக்குப் போதாமல் நெருக்கடியாயிற்று. புது இடம் கட்டுவதற்கு மரம் வெட்ட யோர்தான் நதிக்கரைக்குப் புறப்பட்டார்கள். தீர்க்கதரிசியையும் கூட வரும்படி வேண்டிக்கொண்டார்கள். அங்கே ஒருவன் மரத்தை வெட்டிக்கொண்டிருக்கையில், கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று ஆற்றில் விழுந்துவிட்டது. அவன் அலறிப் புலம்பினான். இரும்பு போயிற்றே என்பதைவிட, அது தன்னுடையதல்ல, பிறரிடம் இரவல் வாங்கி வந்தது என்பதே அவனுக்குப் பெரிய துக்கமாயிருந்தது.

எலிசேயு என்ன செய்தார்? காம்பை ஏன் இறுக்கிச் செருகவில்லை என்று கடிந்துகொள்ளவில்லை. யாரிடம் இரவல் வாங்கினாய் என்று விசாரிக்கவில்லை. அது எங்கே விழுந்தது என்று மட்டும் கேட்டார். அவன் இடத்தைக் காட்டினான். தீர்க்கதரிசி ஒரு மரக்கொம்பை வெட்டி அந்த இடத்திலே எறிந்தார். இரும்பு மிதந்து வந்தது. அதை எடுத்துக்கொள் என்றார். அவன் கையை நீட்டி எடுத்துக்கொண்டான்.

இதிலே புதுமையைச் செய்தவர் சர்வேசுரன். ஆனாலும் அந்த எளிய மனிதன் செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டு இருந்தன. விழுந்த இடத்தைக் காட்ட வேண்டும். மிதந்து வந்ததைக் கை நீட்டி எடுக்க வேண்டும். முதலாவதைச் செய்யாதவனுக்கு இரண்டாவதற்கு வேலையே இல்லை.

தண்ணீருக்கடியில் விழுந்த பொருளைத் தேடி எடுப்பதையே இன்று ஒரு தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. முதுகில் காற்றடைத்த உருளையையும், வாயில் அக்காற்றை அளவாகத் தரும் கருவியையும் பொருத்திக்கொண்டு அவர்கள் இறங்குகிறார்கள். ஸ்கூபா என்று சொல்லப்படும் இம்முறைக்கு வழி திறந்தவர்கள் பிரான்சு தேசத்துக் கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோ என்பவரும், எமில் கன்யான் என்ற பொறியாளரும். 1943-ம் ஆண்டில் அவர்கள் இக்கருவியை அமைத்தார்கள். இன்று பல தேசங்களில், ஏரியிலே படகு சவாரி போனவர்கள் தவறவிட்ட மோதிரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் கைப்பேசியையும் தேடிக் கொடுக்க இப்படிப்பட்டவர்களை அழைக்கிறார்கள்.

அவர்களுடைய வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும், உண்மையில் எளிதல்ல. ஏரியின் அடியில் இருப்பது கடற்கரை மணலைப்போன்ற மணலல்ல, மாவு போன்ற வண்டல். காலை ஒருமுறை வேகமாய் உதைத்தால் போதும், சேறு புகைபோல் கிளம்பும். கையில் விளக்கிருந்தாலும் தன் கையே தனக்குத் தெரியாது. ஆகையால் தேடுகிறவர் ஆத்திரப்பட்டு அங்குமிங்கும் பாய்வதில்லை. பொருள் விழுந்த இடத்தில் ஒரு கனமான குண்டை இறக்கி, அதற்கு அடையாளமாக மேலே ஒரு மிதவையைக் கட்டுகிறார். அந்தக் குண்டிலே கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறார்; கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கையால் தடவுகிறார். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றைச் சற்று நீட்டி அடுத்த சுற்று.

இவ்வளவுக்கும் ஆதாரம் அந்த முதல் மிதவை அல்லவா? ஆகையால் அவர் தண்ணீரில் இறங்குமுன் கரையில் நின்று கேட்கிற முதற்கேள்வி, எலிசேயு கேட்ட அதே கேள்விதான். "ஏரியிலே எங்கேயோ விழுந்தது" என்று சொல்கிறவருக்கு எவ்வளவு கெட்டிக்காரரும் உதவ முடியாது. படகு எங்கே நின்றது, எந்தப் பக்கம் சாய்ந்தது, எதிரே எந்த மரம் தெரிந்தது என்று சொல்கிறவருடைய மோதிரம் கிடைத்தாலும் கிடைக்கும்.

"சுவாமி, இது ஏரி நிறைந்த ஊருக்குச் சொல்ல வேண்டிய பிரசங்கம். விருதுநகரும் சிவகாசியும் வானம் பார்த்த பூமி. இந்த வறண்ட வெயில்தானே நமக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் தந்தது? கண்மாயிலே தண்ணீர் பார்ப்பதே ஐப்பசி கார்த்திகையில்தான். முக்குளித்துத் தேட இங்கே ஏது ஏரி?" என்று நீங்கள் கேட்கலாம். மெய்தான். ஆனால் நமக்குக் கிணறு இருந்தது. கிணற்றில் விழுந்ததை எடுக்கப் பாதாளக்கரண்டி இருந்தது. இக்காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓர் இரும்பு வளையத்தில் பல கொக்கிகள் தொங்கும். அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடிச்சேற்றிலே மெல்ல இழுத்துத் துழாவினால், வாளியோ குடமோ கொக்கியில் மாட்டி வரும். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அது இருக்கும். தேவைப்பட்டவர்கள் இரவல் வாங்கிப்போவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பொருள் விழுந்தது என்று பாழுங்கிணற்றிலோ, நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலோ ஒருவரும் தாமாக இறங்க வேண்டாம். அடியிலே விஷக்காற்று தங்கியிருக்கும். அதற்கு நிறமும் இல்லை. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் மாண்டுபோகிற துயரம் நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லி அனுப்புங்கள். பட்டாசு ஆலையில் தீப்பிடித்தால் ஓடி வருகிற அதே மனிதர்கள்தான் கிணற்றிலும் இறங்குகிறார்கள். அவர்களுக்காக நம் செபத்தில் ஒரு பரலோக மந்திரம் சேர்த்துக்கொள்வது நன்று.

இனி, என் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. உறவில் ஒரு விசேஷத்திற்காக அம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்று எனக்குக் கட்டளை. யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், நானும் பெரிய ஆள்தான் என்று காட்டிக்கொள்ள, அந்தக் குடத்தின் கழுத்திலே கயிற்றைக் கட்டி இறக்கினேன். சுருக்குப் போடத் தெரியவில்லை. முடிச்சு அவிழ்ந்தது, குடம் போயிற்று. வெறுங்கயிற்றை இழுத்துச் சுருட்டி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவனைப்போல் விளையாடப் போய்விட்டேன்.

சாயங்காலம் குடத்தைத் தேடினார்கள். என்னைக் கேட்டார்கள், நான் பார்க்கவில்லை என்றேன். எங்கள் கிணற்றிலே தண்ணீர் எடுக்க நாள்தோறும் ஓர் அத்தை வருவார்கள். ஏழைக் குடும்பம். அம்மா அவர்களைத் திருடி என்று சொல்லவில்லை, சத்தம் போடவுமில்லை. "மதினி, மத்தியானம் நீங்க வந்தப்ப குடம் திண்ணையில இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்கள். அத்தை அம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு, பாதி நிரம்பியிருந்த தம் குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்கள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. "எந்தப் பக்கமா விழுந்துச்சு?" என்று கேட்டார்கள். துவைக்கிற கல்லுக்கு நேர் கீழே என்றேன். விடிந்ததும் பாதாளக்கரண்டி வந்தது. கால் மணி நேரத்தில் குடமும் வந்தது. கழுத்திலே ஒரு நெளிவைத் தவிர அதற்கு ஒரு சேதமும் இல்லை.

மூன்று நாள் அந்தக் குடம் எங்கள் காலடியில்தான் கிடந்தது. அதை எடுக்கக் கால் மணி நேரம்தான் வேண்டியிருந்தது. விழுந்த இடத்தைச் சொல்ல வேண்டியவன் சொல்லாததனால், கிணற்றுக்குள் தேட வேண்டியதை நாங்கள் ஓர் ஏழைப் பெண்ணின் முகத்திலே தேடினோம். குடம் வந்துவிட்டது, அத்தை வரவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சகோதரரே, பாவசங்கீர்த்தனத்திற்கு வருகிற நம்மில் பலர் ஏரியைக் காட்டுகிறோம், இடத்தைக் காட்டுவதில்லை. "சுவாமி, கோபம் உண்டு, பொய் உண்டு, செபத்தில் அசட்டை உண்டு" என்று மனப்பாடமாய்ச் சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். கோபம் யார்மேல்? எந்த வார்த்தை அவர் மனத்தைக் கிழித்தது? பொய்யினால் பழி சுமந்தது யார்? வீட்டிலே செபமாலை நின்று வருஷம் மூன்றாயிற்று என்கிறோம். எந்த இரவில் நின்றது? பாட்டி மரித்த பிறகா? இராத்திரி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகா? செபமாலை இருந்த கையில் கைப்பேசி வந்த பிறகா? சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேருவதில்லை என்று மனைவி அழுகிறாள். அது ஆலை வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே எந்தக் கடையில் விழுகிறது என்று அந்த மனிதனுக்குத் தெரியாதா? "காலம் கெட்டுப்போயிற்று" என்று சொல்கிறவன் ஏரி முழுவதையும் கை காட்டுகிறான். "இந்தத் திருப்பத்தில், இந்தச் சிநேகிதனோடு" என்று சொல்கிறவன் மிதவையைக் கட்டிவிட்டான், இனிமேல் தேடலாம்.

தவறி விழுந்தவை இப்படியிருக்க, நாமே வேண்டுமென்று எறிந்தவையும் உண்டு. 2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இலங்கையிலிருந்து படகில் தங்கம் கடத்தி வந்தவர்கள், கடலோரக் காவல் படையினர் நெருங்குவதைக் கண்டு, மண்டபத்திற்கு அருகே அதைக் கடலில் எறிந்துவிட்டார்கள். முக்குளிக்கும் வீரர்கள் இறங்கித் தேடி, 17 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை அடியிலிருந்து எடுத்து வந்தார்கள். எறிந்தவர்கள் கடல் தங்களுக்காக வாயை மூடிக்கொள்ளும் என்று எண்ணினார்கள் போலும்! வெட்கத்தினால் ஒரு சாவான பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் வேண்டுமென்றே மறைக்கிறவனும் அப்படித்தான் எண்ணுகிறான். ஆழத்தில் கிடப்பது அழிந்துபோவதில்லை. தங்கமும் அழியாது, பாவமும் அழியாது. நடுத்தீர்வை நாளில் எல்லார் முன்பாகவும் அது எடுக்கப்படுவதைவிட, இன்றே ஒரு குருவானவர் காதிலே தாழ்ந்த குரலில் சொல்லிவிடுவது எவ்வளவு இலகுவானது! அபகரித்த பொருளானால் சொன்னால் மட்டும் போதாது. உடையவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பிறர் பெயரைக் கெடுத்திருந்தால் அந்தப் பெயரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தபடி, ஆழத்தில் இறங்குகிறவர் தனியாய் இறங்குவதில்லை. இன்று ஸ்கூபா கற்றுக்கொடுக்கிறவர்களும் துணையோடு இறங்கு என்றே முதற்பாடம் சொல்கிறார்கள். அர்ச். சவேரியார் 1542-ல் வந்து ஞான உபதேசம் செய்த நமது முத்துக்குளித்துறையில், உருளையும் கருவியும் இல்லாத காலத்திலே, காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில் இறங்கிச் சிப்பி எடுத்தார்கள். 1961-ம் ஆண்டுவரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அப்படிக் கயிறு பிடிக்கிறவர் மனைவியின் சகோதரனாய் இருப்பது வழக்கம் என்று சொல்வார்கள். ஏன் தெரியுமா? தன் சகோதரியின் தாலிக்காக அவன் கயிற்றை ஒருபோதும் நழுவ விடமாட்டான்!

நம் பங்கிலே யாருக்குக் கயிறு பிடிக்கிறோம்? வெடி விபத்திலே புருஷனையோ பிள்ளையையோ பறிகொடுத்த வீடுகள் நம் பகுதியில் உண்டு. விபத்து நடந்த வாரம் ஊரே கூடுகிறது. அதன்பின், யாருடைய தவறு, மருந்தை யார் சரியாகக் கலக்கவில்லை, அந்த அறையில் ஏன் இத்தனை பேர் என்ற பேச்சு. விசாரிக்க வேண்டிய அதிகாரிகள் விசாரிக்கட்டும். அது நியாயமும் அவசியமும் ஆகும். ஆனால் அந்த வீட்டுத் தாய் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாளே, அதை யார் கவனித்தோம்? யோர்தானில் விழுந்த இரும்பு மிதந்தது. போன மகனோ இவ்வுலகில் திரும்பி வருவதில்லை. அதை நான் மழுப்பிச் சொல்ல மாட்டேன். அவனைக் கடைசி நாளில் ஆண்டவர் எழுப்புவார் என்பது நம் விசுவாசம். அதுமட்டும் அவனோடு சேர்ந்து அந்தத் தாயின் நம்பிக்கையும் அடியிலே கிடக்க வேண்டுமா? அவளிடம் போய், "ஏன் கோவிலுக்கு வருவதில்லை?" என்று கேளாதீர்கள். அவள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த நாளில், எந்த வார்த்தையில், யாருடைய மௌனத்தில் அவள் மனம் விழுந்தது என்று அவளே காட்டும்வரை பொறுத்திருங்கள்.

காணாமற்போன சாவிக்கும் சங்கிலிக்கும் அர்ச். அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறோம். அந்தப் பக்தி எப்படி வந்தது? அவருடைய சங்கீதப் புத்தகத்தை மடத்தைவிட்டு ஓடிய நவசந்நியாசி ஒருவன் எடுத்துப் போய்விட்டான்; அந்தோனியார் செபித்தார்; அவன் மனம் வருந்திப் புத்தகத்தோடு திரும்பினான் என்பது பாரம்பரியம். நாம் இந்தக் கதையில் புத்தகம் கிடைத்ததையே நினைக்கிறோம். ஓடிப்போன ஆளும் கிடைத்தான் அல்லவா? சங்கிலிக்காக ஒன்பது செவ்வாய்க்கிழமை நேர்ந்துகொள்கிற நாம், பேச்சுவார்த்தையற்றுப்போன தம்பிக்காக ஒரு செவ்வாய்க்கிழமையாவது நேர்ந்துகொண்டோமா?

இன்னும் ஒரு காரியம். பத்து மீட்டர் ஆழத்தில் உடலை அமுக்கும் பாரம் கரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து பொருள் கிடைத்த சந்தோஷத்தில் ஒரே பாய்ச்சலாய் மேலே வருகிறவனுக்கு, நெஞ்சிலுள்ள காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மூச்சை அடக்காமல், மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும். சமாதானமும் அப்படியே. மன்னிப்புக் கேட்ட மறுநாளே எல்லாம் பழையபடி ஆகவில்லையே என்று சலிப்படையாதீர்கள்.

குடம் கிடைத்த அன்றே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார்கள். "மதினி, தப்பு எங்க மேல" என்று வாசலில் நின்று சொன்னார்கள். நானும் அழுதுகொண்டே சொன்னேன். அத்தை உள்ளே போய் ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துவந்து என் கையில் வைத்து, "சின்னப் பிள்ளை, பயந்துட்டான்" என்றார்கள். மன்னித்துவிட்டார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் எங்கள் கிணற்றுக்கு வரவில்லை. தூரத்துக் கிணற்றுக்கே போனார்கள். அம்மா வற்புறுத்தவில்லை. நாள்தோறும் காலையில், அத்தை வருகிற நேரத்திற்குக் கயிற்றை எடுத்துச் சுவர்மேல் வைப்பார்கள். மாதங்கள் சென்றன. கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு காலையில் அத்தை குடத்தோடு வந்து, கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "கயிறு புதுசா மதினி?" என்றார்கள். "ஆமா மதினி, பழசு நஞ்சுபோச்சு" என்றார்கள் அம்மா. அவ்வளவுதான். குடத்தைப்பற்றிய பேச்சு அதற்குப்பின் எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

கடைசியாக, தேடக்கூடாத ஒன்றும் ஆழத்தில் உண்டு. மிக்கேயாஸ் தீர்க்கதரிசி தம் ஆகமத்தின் முடிவிலே, சர்வேசுரன் நம் பாவங்களையெல்லாம் கடலின் ஆழத்தில் எறிந்துவிடுவார் என்று அறிவிக்கிறார். நாம் எறிந்து மறைப்பது வேறு, அவர் மன்னித்து எறிவது வேறு. அவர் எறிந்ததைத் தேடிப் பாதாளக்கரண்டியோடு போக நமக்கு உரிமையில்லை. நம்முடைய பழைய பாவத்தையும் மறுபடி கிளற வேண்டாம். மனஸ்தாபப்பட்டு வந்த அயலானுடைய பழைய பாவத்தைப் பத்து வருஷம் கழித்துச் சண்டையில் எடுத்துக் காட்டவும் வேண்டாம்.

ஆகையால், இந்த வாரத்துக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். இன்றிரவு செபம் முடிந்ததும், உங்கள் வீட்டில் காணாமற்போன ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சமாதானமோ, செபமோ, நம்பிக்கையோ, ஓர் ஆளோ, எதுவாயினும் சரி. யாரால் என்று கேளாமல், எங்கே விழுந்தது என்று கேளுங்கள். உங்களுக்கே தெரிந்த இடமானால், சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை வந்து அந்த இடத்தைக் காட்டுங்கள். நம் ஆத்துமமும், நம் வீட்டாரும், நமக்குத் தரப்பட்ட விசுவாசமும் நம்முடைய சொந்தச் சொத்தல்ல, இரவலாய் வாங்கியவையே. உடையவர் திருப்பிக் கேட்கிற நாள் வரும். அதற்குமுன் அவரே, சிலுவை மரத்தை ஆழத்தில் இறக்கி, விழுந்ததை மிதக்கச் செய்யக் காத்திருக்கிறார். இடத்தைக் காட்டுவோம், மிதந்து வருவதைக் கை நீட்டி எடுத்துக்கொள்வோம்.

ஆமென்.